சமத்துக் குழந்தையின் குதிகால் ரத்தம்

“சமத்துக் குழந்தை, பாலுக்குக்கூட அழ மாட்டேங்குது” என்று பாட்டிமார் பூரிப்பதுண்டு. பெரும்பாலும் அது சமத்துதான். ஆனால் எந்நேரமும் தூக்கம், பால் குடிப்பதில் சுணக்கம், வாரக்கணக்கில் தெளியாத மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை என்று எல்லாம் சேர்ந்துகொண்டால், தைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். கொடுமை என்னவென்றால், பிறவியிலேயே இந்தக் குறையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த அன்று எந்த வித்தியாசமும் இல்லாமல்தான் இருப்பார்கள்.

இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது.

நரம்பிழைகளுக்கு உறை படிவதும், மூளைச் செல்கள் கிளைவிட்டு இணைவதும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனை நம்பித்தான். கருவின் சுரப்பி தன் காலில் நிற்கக் கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஆகும். அதுவரை அம்மா கொடுப்பதுதான். அம்மாவுக்கே பற்றாவிட்டால்? இத்தாலியின் சிசிலியில், இந்த ஹார்மோன் சுரக்கத் தேவையான அயோடினுக்குப் பற்றாக்குறையுள்ள பகுதியில் பிறந்த 16 குழந்தைகளை ஏறத்தாழ 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 11 பேருக்குக் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி இருந்தது. அயோடின் ஓரளவு போதுமானதாக இருந்த பகுதியின் குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை. 2004-ல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். அதை வைத்து வகுப்பில் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் தைராய்டு என்று முடிவுகட்டக் கூடாது.

ஆனால் கனடாவின் டொரன்டோவில் ஆய்வாளர் ஜோவன் ரோவெட் நெடுங்காலம் கவனித்த, பிறவித் தைராய்டுக் குறையுள்ள குழந்தைகளை மறக்கவும் கூடாது. சிகிச்சையால் அறிவுத்திறன் இயல்பாகவே இருந்தும், சிலரிடம் கவனத்திலும் நினைவாற்றலிலும் சின்னச் சின்னச் சறுக்கல்கள் தெரிந்தன. இப்படிப்பட்ட பிள்ளை கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தால், “திமிர்” என்று தலையில் குட்டுவது அநியாயம்.

குறையைக் கண்டுபிடிக்கும் வழி பழையது. குதிகாலில் ஊசியால் ஒரு குத்து. கசியும் ரத்தத்தை வடிதாள் அட்டையின் வட்டங்களில் ஒற்றி, காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவது. கனடாவின் கியூபெக்கில் ஆய்வாளர் ஜான் துசோ 1970-களின் முதற்பாதியிலேயே இதைத் தொடங்கிவைத்தார். கேரள அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்படுகிறது. நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இன்னும் வரவில்லை. வந்தே ஆக வேண்டும்.

மருந்து எட்டாத விலையும் அல்ல. சின்னஞ்சிறு தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் தவறக் கூடாது. குழந்தை தேறிவிட்டது என்று தாமாகவே மருந்தை நிறுத்திவிடும் வீடுகளை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன், “குழந்தைக்கு டிஎஸ்எச் பார்த்தாச்சா?” என்று, தைராய்டைத் தூண்டும் அந்த ஹார்மோனின் சோதனையைப் பற்றி நர்ஸிடம் கேளுங்கள். இல்லை என்றால், எடுக்கச் சொல்லுங்கள்.