ஊர் ஒற்றுமை என்றால் யாருடைய ஒற்றுமை?

ஊராட்சித் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், தயாராக ஒரு பதில் வந்துவிடும். "ஒற்றுமையாக இருக்கிற ஊரை ஏன் பிரிக்கிறீர்கள்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊராட்சிகள். அங்கேயும் ஒற்றுமை இருந்தது. 1996-ல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்து வருஷம் நாற்காலி காலி! தேர்தல் அறிவிப்பு வரும், யாரும் மனு போடமாட்டார்கள். சில தடவை ஒருவர் போடுவார், ஜெயிப்பார், கையோடு ராஜினாமாவும் செய்துவிடுவார். அவர் ஊர்ப் பெரியவர்களே பார்த்து நிறுத்திய ஆள். சட்டப்படி பார்த்தால் எல்லாம் சரி... வேட்பாளர் தலித்தான், ஓட்டும் விழுந்திருக்கிறது, கையெழுத்தும் அவருடையதுதான்.

இதற்குப் பெயர் மக்கள் விருப்பமாம்.

1932-ல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இந்த பயத்தில்தான். தொகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓட்டை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால், பெரும்பான்மைக்குப் பிடித்த ஆள்தான் வருவார் என்பது அவர் வாதம். காந்தியின் உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம் என்று கதை வேறு பக்கம் போய்விட்டது. அவர் சொன்னதைச் சந்தேகப்படுகிறவர்கள் உசிலம்பட்டிப் பக்கத்து ராஜினாமாக் கடிதங்களைப் பார்க்கலாம்.

சரி, பொம்மையாக இருக்கச் சம்மதிக்காதவர் ஜெயித்தால்? அதற்கும் பதில் மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது. மேலவளவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். கூட வந்தவர்களும் செத்தார்கள். வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அன்றைக்கு ஒற்றுமைக்காரர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு கட்சி இருக்கிறது. "ஒதுக்கீட்டில் வருகிறவர்கள் எல்லாம் டம்மிதானே, எதற்கு இந்த நாடகம்?" என்பார்கள். ஒருவரை டம்மியாக்குவதும் அவர்களே, டம்மி என்று சிரிப்பதும் அவர்களே. மாற்றுக் கருத்து சொல்ல உரிமை எல்லோருக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்து ஆள் பேசுவதற்கே உயிரைப் பணயம் வைக்கவேண்டும் என்றால் அதை விவாதம் என்று எப்படிச் சொல்வது? ஊரில் கருத்து வேறுபாடே இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள், வேறுபடக்கூடியவர் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

2006 அக்டோபரில் அந்த ஊர்களில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. அரசு விடாமல் முயன்றது, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. பத்து வருஷம் முடியாது என்று சொன்னது முடிந்தது! ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது. மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. 2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்னால், தலித் தலைவர்கள் தங்கள் ஊராட்சியில் தடையில்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.