பழைய ஸ்கிரிப்டும் அம்மாவின்ர சொப்பிங் பையும்



கனநாளைக்குப் பிறகு எழுத வந்திருக்கிறன். குசினி வேலை முடிஞ்சு ஒடாஹுஹுவில வீட்டுக் கதவைத் திறக்க இரவு பதினொண்டரை ஆகும். அதுக்குப் பிறகு கிடைக்கிற ஒரு மணித்தியாலத்திலதான் இதெல்லாம். இந்தமுறை கொம்பியூட்டர் கதை. லினக்ஸ் தெரியாத ஆக்கள் ஓடிப்போகாதேங்கோ. கடைசியில இது எங்கட படங்களையும் காணி உறுதிகளையும் பற்றின கதைதான்.

ஹாட்டிஸ்க்குகளைப் பராமரிக்கிற திறந்த மூல மென்பொருள்கள் சில இருக்கு. ரெண்டு டிஸ்கில ஒரே தரவை எழுதி, ஒண்டு செத்தாலும் மற்றது காப்பாத்தும்படி செய்யிறது எம்டிஅட்ம். அதை 2001-இல எழுதத் தொடங்கினவர் நீல் பிரவுன். எங்களுக்குப் பக்கத்தில, சிட்னியில நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில வேலை செய்தவர். பல டிஸ்குகளை ஒரே கிடங்கு மாதிரிச் சேர்த்துப் பிறகு வேண்டினமாதிரிப் பிரிக்கிறது எல்விஎம். கொம்பியூட்டர் எழும்புற நேரத்தில இவற்றை ஓட வைக்கிறதுக்கு முந்தின காலத்தில சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் இருந்தன. இப்ப அவற்றை ஒவ்வொண்டாய்க் கழட்டி எறியினம். எறியேக்க ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் எழும்பும். "அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கட்டுமே, உங்களுக்கு என்ன நட்டம்?" எண்டு.

நானும் அந்தக் கட்சிதான் முந்தி. இப்ப இல்லை. எறியத்தான் வேணும் எண்டு சொல்லுறன். ஏனெண்டு கேளுங்கோ.

அந்த ஸ்கிரிப்டுகள் வந்த வழி 1983-இல ஏரி அன்ட் ரி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ். கொம்பியூட்டர் எழும்பேக்க ஒரு அடைவுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்டுகளை இலக்க ஒழுங்கில ஒண்டுக்குப் பின் ஒண்டாய் ஓட்டும். முதல் டிஸ்குகளைத் தேடு, பிறகு சேர், பிறகு பிழை பார், பிறகு திற. டிஸ்குகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்த காலத்தில இது நல்லாய் வேலை செய்தது. பிறகு யுஎஸ்பி டிஸ்க் வந்தது, வலையமைப்பு வழியாய் வாற டிஸ்க் வந்தது. எது எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட் எழுதினவை என்ன செய்தவை? "பத்து விநாடி நித்திரை கொள்" எண்டு ஒரு வரியைப் போட்டுவிட்டினம். டிஸ்க் பதினொராவது விநாடியில வந்தால் கதை முடிஞ்சுது.

2010-இல லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டு வந்தினம். 2011-இல ஃபெடோரா 15 அதுக்கு மாறினது. புதிய முறையில டிஸ்க் வரும்போதுதான் வேலை நடக்கும். ஒரு டிஸ்க் தலைகாட்டினால் கேர்னல் சொல்லும், அதைக் கேட்டு எம்டிஅட்ம் அந்த டிஸ்கைச் சேர்த்துக்கொண்டு மற்றதுக்குக் காத்திருக்கும். முப்பது விநாடி பார்த்தும் மற்றது வராட்டில் மட்டும் இருக்கிறதோட தொடங்கும். ஒழுங்கான முறை.

இனி என்ர கதை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலயிருந்து வெளிக்கிட்ட ஆக்களுக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு. அம்மா கையில எடுத்தது ஒரு சொப்பிங் பை. அதுக்குள்ள காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அப்பாவின்ர படங்கள், அண்ணா வெளிநாட்டிலயிருந்து பேசி அனுப்பின நாலு கசற். அந்தப் பை எங்களோட சாவகச்சேரி, கிளிநொச்சி எண்டு எல்லா இடமும் அலைஞ்சுது. அம்மா எதையும் எறியமாட்டா. "கிடக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்" எண்டுவா. 2002-இல நான் யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போனன். அங்கதான் முதல் முதல் லினக்ஸ் பார்த்தன். 2006 ஓகஸ்டில ஏ9 பாதை பூட்டினதோட படிப்பும் அரைகுறையாய் நிண்டு போச்சுது. பை மட்டும் தப்பி, பிறகு அம்மாவின்ர கையாலேயே என்னட்டை வந்து சேர்ந்தது.

இங்க வந்தபிறகு ஆரோ எறிஞ்ச ஒரு பழைய கொம்பியூட்டரைத் திருத்தி, உள்ளுக்கு ஒரு டிஸ்க், வெளியில யுஎஸ்பி பெட்டியில ஒரு டிஸ்க் எண்டு ரெண்டையும் எம்டிஅட்மால இணைச்சன். 2013-இல யுஎஸ்பி டிஸ்க் சிலநேரம் பிந்தி வந்து தொல்லை தந்தது. நான் என்ன செய்தன், மென்பொருளோட வந்த ஸ்கிரிப்டைப் பிரதி எடுத்து, வேற பெயர் வைச்சு, "எத்தினை டிஸ்க் இருந்தாலும் பரவாயில்லை, உடனே தொடங்கு" எண்டு ஒரு வரியைச் சேர்த்துவிட்டன். வேலை செய்தது. மறந்தும் போனன்.

2021 ஓகஸ்ட் 17 நள்ளிரவிலயிருந்து நாலாம் நிலை லொக்டவுன். ரெஸ்ரோறன்ட் பூட்டு. ஒக்லண்டில ஐஞ்சு கிழமை வீட்டுக்குள்ள இருந்தம். அப்பதான் அம்மாவின்ர பையைத் திறந்து, ஒவ்வொரு கடதாசியாய் ஸ்கான் பண்ணி, கசற்றுகளையும் கொம்பியூட்டருக்கு ஏத்தினன். மூண்டு கிழமை வேலை. பிறகு ஒரு நாள் பெட்டியைத் திறந்து தூசி துடைச்சுப்போட்டுக் கொம்பியூட்டரைப் போட்டால், அந்த மூண்டு கிழமை இல்லை. ஒரு கோப்பும் இல்லை. லொக்டவுனுக்கு முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கு. பிழைச் செய்தி ஒண்டும் இல்லை.

நடந்தது இதுதான். நான் எழுதின செத்த ஸ்கிரிப்ட் சாகேல்லை. பழைய இடத்தில கிடக்கிற ஸ்கிரிப்டுகளைச் சிஸ்டம்டி அப்ப தானாகவே தன்ர முறைக்கு மாத்தி ஓட்டினது. பழைய ஆக்களுக்குச் செய்த உதவி அது. அதனால புதிய முறை யுஎஸ்பி டிஸ்குக்காகக் காத்திருக்கேக்க, என்ர ஸ்கிரிப்ட் குறுக்கால வந்து உள் டிஸ்கை மட்டும் வைச்சுத் தொடங்கிவிட்டது. மூண்டு கிழமையும் உள் டிஸ்கில மட்டும்தான் எழுதியிருக்கிறன். தூசி துடைச்ச அண்டைக்கு உள் டிஸ்கின்ர வயர் கொஞ்சம் கழண்டிருக்கு. ஸ்கிரிப்ட் யுஎஸ்பி டிஸ்கை மட்டும் கண்டது, "எத்தினை இருந்தாலும் பரவாயில்லை" எண்டு அதையே தொடங்கிப்போட்டுது. முப்பது விநாடிக் காவல் தானே தொடங்கியிருந்தாலும் ஒரு டிஸ்க் குறைவு எண்டு எனக்கு முதல் கிழமையே தெரிஞ்சிருக்க வேணும். எச்சரிக்கையை நான் பார்க்கேல்லை, அதுவும் என்ர பிழைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ரெண்டு டிஸ்கையும் பிரிச்சு வைச்சது ஸ்கிரிப்ட்.

உள் டிஸ்கைத் தனியாய்க் கழட்டி வேற இடத்தில பூட்டிப் பார்க்க எல்லாம் இருந்தது. மூண்டாவது டிஸ்க் ஒண்டு வாங்கிப் பிரதி எடுத்தபிறகுதான் நித்திரை வந்தது. அண்டைக்கு நான் அவசரப்பட்டு, இல்லாத கோப்புகளோட கிடந்த யுஎஸ்பி டிஸ்கை மூலமாய் வைச்சு மற்றதை அதுக்குச் சமனாக்கியிருந்தால், அம்மா 1995-இலயிருந்து காவினதை நான் ஒரு கட்டளையில அழிச்சிருப்பன்.

இதே கதையைக் குசினியிலயும் கண்டிருக்கிறன். முந்தி வேலை செய்த ஒரு கடையில காலமை கடை திறக்கிறவர் செய்யவேண்டியது எண்டு சுவரில ஒரு கடதாசி. "இடப்பக்க சுவிச்சைக் கீழ அமத்து" எண்டு மூண்டாவது வரி. அது முந்தின எக்ஸோஸ்ட் காத்தாடியின்ர சுவிச். பிறகு வயரிங் மாத்தேக்க அந்தச் சுவிச் குளிரறைக்குப் போச்சுது. எங்களுக்கு எல்லாம் தெரியும், கடதாசியை ஒருத்தரும் பார்க்கிறேல்லை. புதிசாய் வந்த பெடியன் பார்த்தான். சொன்னபடி செய்தான். பின்னேரம் கோழி முழுக்கக் குப்பைக்கு. முதலாளி பெடியனைப் பேசினார். நான் சொல்லுவன், பேச்சு வாங்கவேண்டியது அந்தக் கடதாசியைக் கிழிக்காமல் விட்ட நாங்கள்.

ஆரும் வாசிக்காத அறிவுறுத்தல் ஆபத்தில்லை எண்டு நினைக்கிறம். எங்கையோ ஒரு புதுப்பெடியன் அதை நம்பி வாசிப்பான். ஆரும் சோதிச்சுப் பார்க்காத ஸ்கிரிப்டை ஒரு மென்பொருளோட சேர்த்து அனுப்புறது, "இது இப்பவும் சரி" எண்டு பொய்க் கையெழுத்து வைச்ச மாதிரி. மற்ற மென்பொருளில எண்டால் ஒரு யன்னல் திறக்காது, அவ்வளவுதான். டிஸ்க் மென்பொருளில எண்டால் ஒரு குடும்பத்தின்ர ஆவணம் போகும்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும், அதுதான் நியாயம். சிஸ்டம்டி வேண்டாம் எண்ட ஆக்கள் விசரர் இல்லை. 2014 பெப்ரவரியில டெபியனின்ர தொழில்நுட்பக் குழுவில வாக்கு நாலுக்கு நாலு எண்டு சமனாகி, தலைவர் பிடேல் கார்பியின்ர வாக்கிலதான் சிஸ்டம்டி வெண்டது. தோத்த பக்கத்திலயிருந்து கொஞ்சப்பேர் பிரிஞ்சு போய் டெவுவான் எண்டு தனி லினக்ஸ் செய்தினம். ஒரே முறைக்குள்ள எல்லாரையும் தள்ளக்கூடாது எண்ட அவையின்ர பயம் எனக்கு விளங்கும். பெரும்பான்மை வாக்கெடுத்துச் சிறுபான்மையை "மாறு அல்லது போ" எண்டு சொன்னால் எப்படி இருக்கும் எண்டு எங்களுக்கே தெரியாட்டில் வேற ஆருக்குத் தெரியும்?

அதனாலதான் எப்படி எறியிறது எண்டது முக்கியம். டெபியனில பிறகு ஒரு நல்ல வேலை செய்தினம். மென்பொருள் ஆக்கள் கைவிட்ட பழைய ஸ்கிரிப்டுகளை எல்லாம் பொறுக்கி "அநாதை ஸ்கிரிப்டுகள்" எண்ட பொருளில ஒரு தனிப் பொதியாய் வைச்சினம். வேணும் எண்டவர் அதை எடுக்கலாம். அதைப் பராமரிக்கிறதும் அந்த முறையைப் பாவிக்கிற ஆக்கள்தான், அதால அது செத்த ஸ்கிரிப்ட் இல்லை. சிஸ்டம்டி ஆக்களும் 2023-இல 254-ஆம் பதிப்பில "பழைய ஸ்கிரிப்டுகளுக்கான ஆதரவு இனிப் போகப்போகுது" எண்டு முன்கூட்டியே அறிவிச்சவை. எல்விஎம்மில 2018-இல 2.03 பதிப்போட சிஎல்விஎம்டி எண்ட பழைய பகுதியை எடுக்கேக்க, அந்த வேலைக்கு எல்விஎம்லொக்டி எண்டு மாற்று ஏற்கனவே கையில இருந்தது.

என்னைக் கேட்டால் மூண்டு விசயம் செய்யவேணும். ஒண்டு, முதலே சொல்லவேணும், மாற்று என்ன எண்டும் சொல்லவேணும். ரெண்டு, மூலத்திலயிருந்து எடுத்தால் மட்டும் போதாது. டெபியன் மாதிரியான முறைகளில அமைப்புக் கோப்புகள் பொதியை நீக்கினபிறகும் எங்கட கொம்பியூட்டரில கிடக்கும்; பொதி செய்யிறவை அதையும் துடைக்க வழி செய்யவேணும். பயனர் கைவைச்ச கோப்பு எண்டால் அழிக்காமல் பெயர் மாத்தி ஓடாமல் வைக்கவேணும். மூண்டாவது எங்களுக்கு. வருசத்தில ஒரு நாள் அந்த அடைவைத் திறந்து, நாங்கள் கையால எழுதி வைச்சது இன்னும் தேவையோ எண்டு பார்க்கவேணும். என்ர ஸ்கிரிப்டை ஒரு மென்பொருள்காரரும் வந்து அழிக்கமாட்டினம்.

"வரலாறு அழிஞ்சுபோகுமே" எண்டு ஒரு கவலை. அழியாது. கிற் மாதிரிக் களஞ்சியத்தில எடுத்த ஒவ்வொரு வரியும், ஆர் எப்ப ஏன் எடுத்தவை எண்டதும் கிடக்கும்.

எங்கட ஊரில ஒரு தெரு இருக்கு, போட்டேஜ் ரோட் எண்டு. ஒடாஹுஹு ரெண்டு கடலுக்கு நடுவில ஒடுங்கின நிலம். அந்தக் காலத்தில மாவோரி மக்கள் தாமாக்கி ஆத்திலயிருந்து மனுக்காவ் துறைக்குத் தங்கட வள்ளங்களை அதால இழுத்துக்கொண்டு போனவை. இண்டைக்கு அதால லொறி போகுது. ஒருத்தரும் வள்ளத்துக்காகத் தெருவை மறிச்சு வைக்கேல்லை, ஆனால் பெயர் இருக்கு, ஏன் அந்தப் பெயர் எண்டு சின்னப்பிள்ளைக்கும் சொல்லலாம்.

அம்மாவின்ர பை இப்பவும் என்ர அலுமாரியில இருக்கு. அதை எறியமாட்டன். ஸ்கிரிப்டை அண்டைக்கே அழிச்சிட்டன். ரெண்டும் பழசுதான். ஆனால் பை அலுமாரியில சும்மா இருக்கு, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நாளும் நான் எழும்ப முதல் எழும்பி வேலை பார்த்தது.

உங்கட வீட்டிலயும் ஊர்ப்படங்கள் ஒரு டிஸ்கில கிடக்கும். இந்தக் கிழமை லீவு நாளில ஒருக்கா திறந்து பாருங்கோ. மற்றப் பிரதி உண்மையா இருக்கோ எண்டும் பாருங்கோ.