எரிஞ்ச காட்டுக்கு விதைப்பந்து வேணாம் சாமீ!

பிப்ரவரி பாதி தாண்டினா போதும், மேற்குத் தொடர்ச்சி மலையில எங்கேயாவது ஒரு பக்கம் புகைய ஆரம்பிச்சுடும். நாலு நாள் பேப்பர்ல படம் வரும். அஞ்சாவது நாள் தீ அணைஞ்சிடும். ஆறாவது நாள் நம்ம மக்கள் கிளம்பிடுவாங்க. "வாங்க, எரிஞ்ச காட்டுல விதைப்பந்து வீசலாம், ஆளுக்கு நூறு உருண்டை!" வாட்ஸ்அப் குரூப், டீ-ஷர்ட், பேனர், செல்ஃபி எல்லாம் ரெடி.

நல்ல மனசுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் சொல்ல வர்றது கொஞ்சம் கசப்பு. எரிஞ்ச காட்டுல பெரும்பாலான இடத்துல நாம மரம் நட வேண்டிய அவசியமே கிடையாது. அந்தக் காட்டுக்கு வேண்டிய வேலை வேற. அந்த வேலைக்குத்தான் ஆள் பத்தல, காசு பத்தல, கேமராவும் அந்தப் பக்கம் திரும்பறதில்ல.

அடிக்க வர்றதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க :-)

எரிஞ்சது எந்தக் காடு?

'காடு'ன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிடறோம். ஆனா முதுமலையும் காடுதான், குரங்கணிப் புல்மேடும் காடுதான், அவலாஞ்சி சோலையும் காடுதான். மூணும் மூணு விதமா எரியும், மூணு விதமா எழுந்து நிக்கும்.

2019 பிப்ரவரியில பந்திப்பூர் எரிஞ்சது ஞாபகம் இருக்கும். செயற்கைக்கோள் படத்தை வச்சுப் போட்ட கணக்குப்படி 10,900 ஏக்கருக்கு மேல. பந்திப்பூர், முதுமலை எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கற ஒரே காடு, மாநில எல்லைதான் நடுவுல. இலையுதிர் காடு. தேக்கு, கருமருது, வெக்காலி, வேங்கை, நெல்லி. வெயில் காலத்துல இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். அங்க பெரும்பாலும் வர்றது தரைத்தீ. சருகும் புல்லும் எரிஞ்சுக்கிட்டே ஓடும். பட்டை தடிச்ச பெரிய மரங்கள்ல நிறைய தப்பிச்சிடும். சின்ன கன்றுகள் மேல கருகினாலும், வேர் உயிரோட இருந்தா மழை வந்ததும் தூர்லேர்ந்து துளிர் விடும். கரும்புல மறுதாம்பு விடற மாதிரியேதான். பல வருஷம் பழசான அந்த வேர் விடற துளிருக்கு முன்னாடி, நாம வீசின உருண்டைக்குள்ள இருக்கற விதை என்ன பண்ணும் சொல்லுங்க? அதுவும் பெரும்பாலும் என்ன விதை? வேம்பு, புங்கன், பூவரசு. ஊர்ல ரோட்டோரத்துக்கு அருமையான மரங்கள். கருமருதும் வெக்காலியும் நிக்கற இடத்துல அதுக்கு வேலையே இல்ல.

இன்னொண்ணு, விதைப்பந்தைப் பிரபலமாக்கின ஜப்பான் விவசாயி மசனோபு ஃபுகுவோகாவே அதை வயலுக்கும், வறண்டு பாலையாகிப் போன நிலத்துக்கும்தான் கையில எடுத்தாரு. உயிரோட இருக்கற ஒரு காட்டுக்குள்ள கொண்டுபோய் வீசற ஐடியா நம்ம சொந்த சரக்கு!

அடுத்தது குரங்கணி. 2018 மார்ச் 11. மலையேறப் போனவங்க தீயில சிக்கி 23 பேர் செத்துப் போனாங்க. அந்தத் துக்கத்தைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அங்க எரிஞ்சதுல பெரும்பகுதி ஆள் உயரத்துக்குக் காய்ஞ்சு நின்ன புல். புல்லுக்கு உயிர் தரைக்குக் கீழ இருக்கு. மழை விழுந்தா பச்சை வந்துடும். 'மொட்டை மலை எரிஞ்சு போச்சே, மரம் வைப்போம்'னு கிளம்பினா, தீ செய்யாத கெடுதலை நாம செஞ்சு முடிச்ச மாதிரி ஆகிடும்.

மிகைப்படுத்தறேன்னு நினைச்சா நீலகிரியைப் பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துலயும், சுதந்திரத்துக்கு அப்புறமும், அங்க இருந்த புல்வெளிகளை வீணாக் கிடக்கற நிலம்னு நினைச்சு சீகையும் (அதாங்க, வாட்டில்), யூகலிப்டஸும், பைனும் நட்டாங்க. மழைத் தண்ணியை வாங்கி வச்சு ஓடையில கொஞ்சம் கொஞ்சமா விட்ட புல்வெளி போச்சு. இன்னிக்கு அதே சீகையைப் பிடுங்கறதுக்கு அரசாங்கம் திட்டம் போடுது. நட்டதுக்கும் மக்கள் காசு, பிடுங்கறதுக்கும் மக்கள் காசு.

சோலை மட்டும்தான் நிஜமாவே தீயைத் தாங்காதது. அந்த மரங்கள் நெருப்புக்குப் பழக்கப்பட்டதில்ல. ஈரம் இருக்கறதால தீ சாதாரணமா உள்ள நுழையாது, நுழைஞ்சா ஓரம் கருகும், திரும்பி வர ரொம்ப காலம் ஆகும். அங்க அந்த மலையோட சோலை மரங்களையே நாற்றாக்கி, ஓரத்துலேர்ந்து பொறுமையா நடறதுக்கு நான் எதிரி கிடையாது.

அமெரிக்காக்காரன் பட்ட பாடு

1988-ல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா எரிஞ்சது. பூங்காவோட பரப்புல சுமார் 36 சதவீதம், கிட்டத்தட்ட 8 லட்சம் ஏக்கர். இடி மின்னலால வர்ற தீயை ஊருக்கு ஆபத்து இல்லேன்னா எரிய விடலாம்ங்கற கொள்கை 1972-லேர்ந்தே அங்க இருந்தது. அதனால அந்த வருஷம் நிர்வாகத்துக்கு விழுந்த திட்டு கொஞ்ச நஞ்சமில்ல. பூங்காவே ஒழிஞ்சதுன்னு எழுதினாங்க. கடைசியில ஆயிரக்கணக்கான தீயணைப்பு வீரர்களால முடியாததை செப்டம்பர்ல விழுந்த பனி முடிச்சு வச்சது. அப்புறம் நிர்வாகம் என்ன பண்ணிச்சு? காட்டுல மரம் நடல. அங்க நிறைய இருக்கற லாட்ஜ்போல் பைன் மரத்துல ஒரு வகைக் காய், பிசின் ஒட்டி மூடியே இருக்கும். சூடு பட்டாத்தான் திறந்து விதையைக் கொட்டும். கொட்டிச்சு. காடு வந்துடுச்சு.

அப்படியே விடாத இடத்துல என்ன ஆச்சுன்னும் பார்க்கணும் இல்லையா? 2002-ல ஓரிகன் மாநிலத்துல பிஸ்கட் தீன்னு ஒண்ணு (பேர்தான் பிஸ்கட்!). கிட்டத்தட்ட 5 லட்சம் ஏக்கர் பொதுக் காடு. கருகின மரத்தை வெட்டி வித்து, அந்தக் காசுல புதுசா நடலாம்னு ஒரு கோஷ்டி. விட்டு வைங்கன்னு இன்னொரு கோஷ்டி. கோர்ட்டு கேஸு எல்லாம் நடந்தது. அப்ப ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல மாணவரா இருந்த டேனியல் டொனாட்டோவும் கூட இருந்தவங்களும் போய் எண்ணிப் பார்த்தாங்க. தானா நிறைய கன்று முளைச்சிருந்தது. மரம் வெட்டின இடத்துல அந்தக் கன்றுகள் 71 சதவீதம் குறைஞ்சு போயிருந்தது. கூடவே, தரையில விழுந்த கிளை, சுள்ளியால அடுத்த தீக்கு விறகு வேற அடுக்கி வச்சாச்சு. 2006-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரே ஒரு பக்கக் கட்டுரையா வந்தது. அது அச்சாகறதைத் தள்ளிப் போடச் சொல்லி அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சிலரே இதழுக்கு எழுதினாங்கன்னா, ஒரு கருகின மரத்துக்குப் பின்னாடி எவ்வளவு காசு இருக்கும்னு பார்த்துக்கோங்க.

நம்ம ஊர்ல அந்தச் சண்டை அந்த அளவுக்கு வராது. 2000 பிப்ரவரி 14-ல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. தேசியப் பூங்கா, சரணாலயங்கள்லேர்ந்து செத்த மரம், சாகப் போற மரம், காத்துல விழுந்த மரம் எதையும் எடுக்கக் கூடாதுன்னு. நல்ல விஷயம். பட்ட மரம்னா மரங்கொத்திக்கு வீடு, அது விட்டுட்டுப் போன பொந்து மைனாவுக்கும் கிளிக்கும் வீடு, விழுந்தப்புறம் மண்ணுக்கு உரம்.

அப்ப நம்ம பிரச்சனை என்ன?

உண்ணிச்செடி. லாண்டனா. வெள்ளைக்காரன் 1800-களோட ஆரம்பத்துல அழகுக்குன்னு கொண்டு வந்த அமெரிக்கச் செடி. ஊட்டி ரோட்டுல போனா ஆரஞ்சும் ரோஸுமா பூத்துக் கிடக்குமே, அதேதான்.

இது காட்டுல பண்ற வேலையைக் கவனிங்க. புல்லை மூடிடும், மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போச்சு. கன்றுகளுக்கு வெளிச்சம் போச்சு. புதர் ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்து மரத்து மேலயும் ஏறும். தீ வந்தா தரையோட போக வேண்டிய நெருப்பு இதைப் பிடிச்சு ஏணி மாதிரி மேல ஏறும். தாங்கியிருக்க வேண்டிய மரமும் செத்துடும். தீ முடிஞ்சு மழை வந்தா, திறந்து கிடக்கற வெளிச்சத்துல முதல்ல துளிர்க்கறதும் இதே செடிதான். தீயால உண்ணி, உண்ணியால அடுத்த தீன்னு ஒரு சுழல் இருக்கலாம்னு அங்கிலா ஹிரேமத்தும் பாரத் சுந்தரமும் 2005-லயே எழுதினாங்க.

அதே பாரத் சுந்தரம் குழு பக்கத்துல இருக்கற பிலிகிரி ரங்கன மலையில 1997-லயும் 2008-லயும் அதே இடங்களைப் பார்த்து ஒப்பிட்டப்போ, உண்ணிச்செடி இருந்த இடங்கள் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆகியிருந்தது. அந்த மலை சோளகர்களோட மலை. ('சோளகர் தொட்டி' படிச்சவங்களுக்கு அந்த மக்களைத் தெரிஞ்சிருக்கும்.) அவங்ககிட்ட 'தரகு பெங்கி'ன்னு ஒரு பழக்கம் இருந்தது. சருகுத் தீ. கோடை உச்சத்துக்கு முன்னாடியே, ஈரம் கொஞ்சம் இருக்கறப்ப, சருகை மெல்ல எரிச்சு விடறது. 1974-ல சரணாலயம் வந்தது, தீ வைக்கறது குற்றமாச்சு. அப்புறம்தான் உண்ணிச்செடி இப்படிப் பெருத்தது, நெல்லி மரத்துல புல்லுருவியும் ஏறிப் போச்சுங்கறாங்க சோளகர்கள். எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வருஷா வருஷம் காட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கறவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காம எந்த மறுசீரமைப்புத் திட்டமும் உருப்படாது.

சரி, என்னதான் பண்ணணும்ங்கறே?

1) முதல் மழை வரைக்கும் உள்ள போய் நோண்டாம, பார்க்கணும். எங்க சருகு மட்டும் எரிஞ்சது, எங்க மரமும் செத்தது, எங்க மண்ணே வெந்து போச்சுன்னு பிரிச்சு வரைபடம் போடணும். செங்குத்தான சரிவா இருந்தா, விழுந்து கிடக்கற கிளைகளையே குறுக்க போட்டு, மழையில மண் அடிச்சுட்டுப் போகாம நிறுத்தணும்.

2) ரெண்டாவது தீயைத் தடுக்கணும். ஒரு தடவை எரிஞ்சா காடு எழுந்துக்கும். துளிர் ஆள் உயரம் வர்றதுக்குள்ள திரும்பத் திரும்ப எரிஞ்சா எந்த வேரும் தாங்காது. தீத்தடுப்புக் கோடுகளை ஜனவரிக்குள்ள முடிக்கணும். அதுக்கு மலைக்கிராமத்து ஆட்களைத் தினக்கூலிக்கு ரெண்டு மாசம் கூப்பிட்டு அப்புறம் கைகழுவாம, வருஷம் பூரா சம்பளம் குடுத்து வச்சுக்கணும்.

3) ஆடு மாடு கொஞ்ச காலம் உள்ள வரக் கூடாது. ஆனா அதை மேய்க்கறவங்களுக்கு அந்தக் காலத்துக்குத் தீவனம் குடுக்கறது யாருன்னும் சேர்த்து யோசிக்கணும்.

4) பிடுங்கணும். இதுதான் முக்கியம். தீ முடிஞ்ச கையோட உண்ணிப் புதர் கருகி, தண்டு கண்ணுக்குத் தெரியும், கிட்டப் போக முடியும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு ஒரு முறை சொல்லிக் குடுத்திருக்காரு. மண்ணுக்குக் கொஞ்சம் கீழ வேர்க்கட்டையை வெட்டி, செடியைத் தலைகீழா நிறுத்திக் காய விடறது. மிஷின் வேணாம், மருந்து வேணாம், மண்வெட்டி போதும். ஆனா பறவை எச்சத்துல மறுபடி முளைக்கும், அதனால மூணு நாலு வருஷம் திரும்பத் திரும்பப் போகணும். சீகைக் காடு எரிஞ்ச இடத்துல இன்னும் அவசரம். சீகை விதைக்கு ஓடு கெட்டி, சூடு பட்டா வெடிச்சுக் கும்பலா முளைக்கும். கன்றா இருக்கறப்ப கையாலேயே பிடுங்கிடலாம். விட்டா கோடாலி தேவைப்படும்.

5) நடறதா இருந்தா, விதை மரமே மிச்சமில்லாத இடத்துல மட்டும், அந்தக் காட்டு விதையை வச்சே. உண்ணி எடுத்த இடத்துல முதல்ல நாட்டுப் புல்.

காசு எங்கேன்னு கேக்கறீங்களா? காட்டு நிலத்தை அணைக்கும் சுரங்கத்துக்கும் குடுக்கறப்ப வசூலிச்ச ஈட்டுக் காடு வளர்ப்பு நிதியிலேர்ந்து 2019 ஆகஸ்ட்ல மட்டும் மாநிலங்களுக்குப் போன தொகை 47,436 கோடி ரூபாய். காசு இருக்கு. நாமளும் அரசாங்கமும் எதை எண்ணறோம்ங்கறதுலதான் கோளாறு. 'இத்தனை லட்சம் கன்று நட்டோம்'னு எண்ணி அறிக்கை போடறது சுலபம். 'இத்தனை ஏக்கர்ல உண்ணி பிடுங்கி, நாலாவது வருஷமும் அது திரும்ப வராம பார்த்துக்கிட்டோம்'னு சொல்றது கஷ்டம், அதுல ரிப்பன் வெட்ட ஒண்ணுமில்ல.

தமிழ்நாடு அரசு 2022-ல அந்நியச் செடிகளை அகற்றறதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது. முதுமலையில மஞ்சக்கொன்னையை வெட்டி காகித ஆலைக்கு அனுப்பறாங்க. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக்குச்சியிலேயே நிஜ யானை அளவுக்கு யானைகள் செஞ்சு, அது அமெரிக்கா வரைக்கும் ஊர்வலம் போச்சு. வழி தெரியாம நாம நிக்கல.

அதனால அடுத்த மார்ச்ல யாராவது விதைப்பந்துக்குக் கூப்பிட்டா, "அதை நம்ம ஊர் ஏரிக்கரையில வச்சுக்கலாம்பா, காட்டுக்குப் போறதா இருந்தா வனத்துறைகிட்ட அனுமதி வாங்கி, உண்ணி பிடுங்க கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிப் பாருங்க. முள்ளு குத்தும், இடுப்பு ஒடியும், செல்ஃபி நல்லா வராது. எத்தனை பேர் வர்றாங்கன்னு அப்ப தெரிஞ்சிடும் :-)