எறும்புருக் கொண்ட தேவர்கள்

அன்னவாசலிலிருந்து இலுப்பூர், விராலிமலை வழியாகத் திருச்சி சென்று தஞ்சைச் சாலையில் திரும்பினால் திருவெறும்பூர். அங்கே சிறு குன்றின்மேல் எழுந்தருளியிருக்கிறார் எறும்பீசர். அப்பர் பெருமான் பாடிய தலம். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்புருக் கொண்டு இங்கே பூசித்தனர் என்பது தலபுராணம். எண்ணெய்ப் பசையால் ஏற இயலாமல் வழுக்கி வீழ்ந்த அவர்களுக்காக ஈசன் புற்றாக மாறி, ஒருபுறம் சாய்ந்தும் கொடுத்தார். மண் திருமேனியாதலால் அவருக்கு நீர் அபிஷேகம் இல்லை.

உயிர்கள் இத்தனை இருக்க, எறும்பை ஏன் தேர்ந்தனர்? சிறிய உருவம் மட்டுமே காரணம் ஆகாது. இரை கண்ட எறும்பு, தன் உடலில் ஊறும் ஒரு மணத்தை நிலத்தில் தடவியவாறே வளைக்குத் திரும்புகிறது. மற்றவை அம்மணத்தைப் பற்றிச் சாரை கட்டுகின்றன. உண்டதில் ஒரு பகுதியை வயிற்றில் தனிப் பையில் சேர்த்துவந்து, பசித்த எறும்பின் வாயில் ஊட்டுகிறது. உழைப்பவை யாவும் பெண் எறும்புகளே. இளையவை உள்ளிருந்து முட்டைகளையும் புழுக்களையும் பேணுகின்றன. வெயிலிலும் பகையிலும் அலைந்து இரை தேடுவதோ முதியவை. மூத்தோரை அமரச் செய்யும் நம் இல்லங்களின் வழக்கத்துக்கு இது நேர்மாறு!

வாசலில் இட்ட அரிசி மாக்கோலம் இந்த முதிய எறும்புகளுக்கு உணவாயிற்று. இன்று பல வாசல்களில் இருப்பது கல்மாவு. அதில் அவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அரசமரத்தடிப் பிள்ளையாரை வலம் வந்து, வேரடியில் பச்சரிசி மாவும் வெல்லமும் தூவிச் செல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர்.