அடி விளிம்பில் உள்ள சிறிய எழுத்துகள்

ஸ்பெயின் நாட்டின் பழைய சுற்றுலாச் சுவரொட்டிகள் இன்று உலகெங்கும் மறுபதிப்புகளாக விற்கப்படுகின்றன. அந்நாட்டிற்குச் சென்று திரும்பும் நம் வாசகர்களிலும் சிலர் ஒன்றிரண்டைச் சுருட்டி எடுத்து வந்து, சட்டமிட்டு, வரவேற்பறையில் மாட்டுவதுண்டு. கிரனாடா நகரத்து அல்ஹாம்ப்ரா அரண்மனையின் சிங்க முற்றம், செகோவியாவின் ரோமானிய நீர்ப்பாலம், கோர்தோபா பெரும்பள்ளிவாசலின் செவ்வெள்ளை வளைவுகள் ஆகியவை அவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் காட்சிகள். அவை கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றை வெறும் அலங்காரப் பொருள்களாகக் கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. அவை ஓர் அரசு அயல்நாட்டாருக்கு எழுதிய மடல்கள். அனுப்பியவரின் பெயர் அடி விளிம்பில் மிகச் சிறிய எழுத்துகளில் இருக்கும். ஆவணத்தின் சிறிய எழுத்துகளைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய நாம், இங்கும் அதையே சொல்ல விரும்புகிறோம்.

1928-ஆம் ஆண்டில், தளபதி பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சியில், தேசியச் சுற்றுலா வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பார்சிலோனாவிலும் செவில் நகரிலும் இரு பெரும் கண்காட்சிகள் நடைபெறவிருந்தன. பழைய கோட்டைகளையும் மடங்களையும் பயணியர் விடுதிகளாக மாற்றிய ‘பரதோர்’ திட்டத்தின் முதல் விடுதி, புதிதாகக் கட்டப்பட்டதாயினும், அதே 1928-இல் கிரேதோஸ் மலையில் திறக்கப்பட்டது. வாரியம் தேர்ந்த ஓவியர்களை அமர்த்திச் சுவரொட்டிகளை வரையச் செய்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் அச்சிட்டு அனுப்பியது. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே அச்சேறியதால் அவற்றின் நிறங்களில் இன்றைய அச்சில் காணவியலாத ஆழம் உண்டு. 1931-இல் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது; வாரியமோ தன் பணியைத் தொடர்ந்தது.

பின்னர் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கேதான் சுவரொட்டிகளின் வரலாறு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. போர் முடிவதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 1938 ஜூலையில், பிராங்கோ தரப்பினர் ‘தேசியப் போர் வழித்தடங்கள்’ என்ற பெயரில் பேருந்துச் சுற்றுலாவைத் தொடங்கினர். சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் லூயிஸ் போலின். வடக்குக் கடற்கரை நகரங்களின் வழியே அயல்நாட்டுப் பயணிகள் அழைத்துச் செல்லப்பட்டு, அண்மையில் கைப்பற்றப்பட்ட இடங்களைக் கண்டனர். அதற்கும் சுவரொட்டிகள் அச்சாயின. முற்றுகையில் தகர்ந்த தொலேதோ நகரத்து அல்காசார் கோட்டை, போருக்குப் பின் இடிபாடாகவே பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டது. அழைப்பிதழின் மொழி இனிமையாகவே இருந்தது. அழைத்தவர்களின் சிறைகள் நிரம்பியிருந்தன.

1940-களின் இறுதியில் ‘ஸ்பெயின் இஸ் டிஃபரன்ட்’, அதாவது ஸ்பெயின் வேறுபட்டது, என்ற ஆங்கில வாசகம் சுவரொட்டிகளில் தோன்றியது. 1962 முதல் 1969 வரை செய்தி மற்றும் சுற்றுலா அமைச்சராக இருந்த மனுவேல் பிராகாவின் காலத்தில் அது உலகறிந்த வாசகமாயிற்று. அமைச்சகத்தின் பெயரையே கவனியுங்கள்: செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்திய துறையும் சுற்றுலாவை வளர்த்த துறையும் ஒன்றே. ஸ்பானியர்களோ அந்த வாசகத்தைத் தம் நாட்டின் பின்தங்கிய நிலையைக் குத்திக்காட்டும் கேலியாகத் தமக்குள் வழங்கினர்.

இன்னொரு முரணும் உண்டு. கத்தோலிக்க ஒருமைப்பாட்டைக் கொள்கையாக முழங்கிய ஆட்சி, அயலாரை ஈர்க்கத் தேர்ந்த சின்னங்களில் முதன்மையானவை முஸ்லிம் அரசர்கள் எழுப்பியவை. அல்ஹாம்ப்ரா 1492 வரை அவர்களுடையது. கோர்தோபாப் பள்ளிவாசல் 1236-இல் தேவாலயமாக்கப்பட்டது. செவிலின் ஹிரால்டா கோபுரமோ கீழே பள்ளிவாசல் மினார், மேலே பதினாறாம் நூற்றாண்டின் மணிக்கூடு. பாடநூலில் பகைவராகக் காட்டப்பட்டவர்களின் கைவண்ணம் சுவரொட்டியில் நாட்டின் முகமாயிற்று. அந்தச் சுவரொட்டிகளின் சிறப்பே இதில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். ஓவியன் கல்லை உண்மையாக வரைந்தால், ஆட்சியின் கதையை அந்தக் கல்லே மறுத்துவிடுகிறது.

ஓவியங்களில் பெரும்பாலும் கூட்டம் இராது. ஒரு கழுதை, கறுப்பு முக்காடிட்ட ஒரு பெண், நீண்ட நிழல், அவ்வளவே. 1960-இல் சுமார் 60 லட்சம் அயல்நாட்டார் வந்த நாட்டிற்கு 2024-இல் வந்தவர்கள் ஏறத்தாழ 9.4 கோடி. ஏறக்குறைய 28 மீட்டர் உயரத்தில் சாந்தின்றி அடுக்கிய கருங்கற்களால் நிற்கும் செகோவியா நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கடியில் 1990-களின் தொடக்கம் வரை வாகனங்களே ஓடிக்கொண்டிருந்தன. அல்ஹாம்ப்ராவின் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் இன்று பயணச்சீட்டில் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும். பயணம் திட்டமிடுவோர் அதை முன்கூட்டியே வாங்கிவிடுவது நலம். சுவரொட்டியின் தனிமையை எதிர்பார்த்துச் செல்வோர் வரிசையில் நின்று ஏமாறுவர்.

வாங்க எண்ணுவோருக்குச் சில சொற்கள். முதலீடாகக் கருதி வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. தாளின் மடிப்பும் கிழிசலும் விலையை வெகுவாகக் குறைத்துவிடும், விற்க முனையும்போது வாங்குபவர் கிடைப்பதும் உறுதியன்று. கல்லச்சில் அச்சான மூலப்படியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரியா. அதன் மறுபதிப்பில் அவை தெரியும். புகைப்படச் சுவரொட்டிகளுக்கு இச்சோதனை உதவாது, அவற்றின் மூலப்படியிலேயே புள்ளிகள் உண்டு. அங்கு அடி விளிம்பே துணை. 1958 முதல் ஸ்பெயினில் அச்சானவற்றில் ‘தெப்போசித்தோ லெகால்’ என்ற சட்டப்பதிவு எண் இடம்பெறத் தொடங்கியது. அதன் இறுதியில் ஆண்டு இருக்கும். அதனருகே வெளியிட்ட அரசுத் துறையின் பெயரும் அச்சகத்தின் பெயரும் காணப்படும்.

மலிவான மறுபதிப்பை வாங்குவதிலும் குறையொன்றுமில்லை. ஆனால் விற்பனைக்கு வரும் பலவற்றில், சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று இந்த விளிம்பைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். விளிம்போடு கூடிய படியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சற்று நேரம் தேடினாலும் பொறுத்திருங்கள்.