எட்டாவது பிட்டும் மொழி மனப்பான்மையும்

தொண்ணூறுகளின் மின்னஞ்சல்களில் இந்தியர்கள் தத்தம் மொழிகளை ரோமன் எழுத்தில் எழுதியதற்கு ஆங்கில மோகமே காரணம் என்று இன்னும் எத்தனை ஆய்வேடுகள் எழுதப்போகிறோம்? மொழி மனப்பான்மை, தகுதிநிலை, குறியீட்டு மூலதனம் என்று கோட்பாடுகளை அடுக்குகிறோம். அந்த அஞ்சல் எந்தக் கம்பி வழியே சென்றது என்று மட்டும் கேட்பதில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. மாணவர்க்குக் கிடைத்த மலிவான கணக்கு, மோடம் வழியே ஒரு யூனிக்ஸ் கணினியை அழைத்து வெறும் எழுத்துத் திரையில் பணியாற்றுவதுதான். மோடம் நேரடியாகக் கணினியின் சீரியல் போர்ட்டில் இணைந்திருக்கும் அமைப்புகளில், அழைப்புக்காகக் காத்திருப்பது 'கெட்டி' என்னும் சிறு நிரல். அது வேகத்தைப் பொருத்தும். பயனர் பெயரைக் கேட்டு 'லாகின்' நிரலிடம் ஒப்படைக்கும். ஓர் எழுத்துக்கு எட்டுப் பிட்டா, ஏழு பிட்டும் ஒரு பாரிட்டியுமா என்பதை நிர்வாகி அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் முடிவு செய்துவிடுவார். ஆங்கிலத்துக்கு ஏழு போதும். நமக்குப் போதாது.

இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி தரம் (ஐ.எஸ். 13194:1991) ஆஸ்கியைக் கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு, நம் எழுத்துகளை மேல்பாதியில் வைத்தது. அகரம் 164, ககரம் 179. தமிழுக்கும் தெலுங்குக்கும் இந்திக்கும் அதே எண்தான். எட்டாவது பிட் உதிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 128 குறையும். அகரம் டாலர் குறியாகும். ககரம் 3 என்னும் இலக்கமாகும். 'அம்மா' என்று அனுப்பினால் மறுமுனையில் டாலர், எல், எச், எல், இசட் என்று வந்து சேரும். கம்பியைக் கடந்தாலும், 1982ஆம் ஆண்டின் அஞ்சல் நெறிமுறை ஏழு பிட்டுக்கே பொறுப்பேற்றது.

இது தொழில்நுட்ப நிர்ணயவாதம் என்பார்கள். அன்று. எழுத்துரு இல்லை, விசைப்பலகை இல்லை, மோகமும் இருந்திருக்கலாம். ஆனால் மாற்று வடிவங்களுள் ஒன்றைத் தேரும் வாய்ப்பு பேசுவோருக்கு இருந்தால்தான் அத்தேர்விலிருந்து மனப்பான்மையை உய்த்துணரலாம் என்பது சமூகமொழியியலின் முதற்பாடம். வழியே அடைபட்டிருந்த இடத்தில் தேர்வு ஏது? ஒலியியல் மாணவருக்கு 44,100 ஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பைக் கற்பிக்கிறோம். தரவகமொழியியல் மாணவர் 'எஸ்டிடிஒய்' கட்டளையில் 'ஐஸ்ட்ரிப்' என்ன செய்கிறது என்று கேட்டால், அது மெக்கானிக் வேலை என்கிறோம். இந்த வருணபேதம் எதற்கு?

இழப்பு நிகழ்காலத்திலும் இருக்கிறது. பிட் உதிர்ந்த இஸ்கி பனுவலில் எஞ்சுபவை எல்லாம் அச்சிடத்தக்க குறிகளே. எனவே அது பிழையாகத் தோன்றாது, குப்பையாகத்தான் தோன்றும். தரவகத்தைத் தூய்மை செய்யும் நிரல் தயங்காமல் நீக்கிவிடும். ஆங்கிலமும் இலக்கங்களும் கலவாத பகுதியாயின் 128ஐக் கூட்டினாலே பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆகவே பழைய அஞ்சல் கோப்புகளை வைத்திருக்கும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த நிரலையும் ஓட்டும் முன் மூலத்தை அப்படியே ஒரு படி எடுத்து வையுங்கள். டாலர் குறிகள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருக்கும் பக்கங்களை முதலில் பாருங்கள்.