விலாங்கின் வளர்ச்சியும் விடுபட்ட ஒரு நிபந்தனையும்

‘நீர் சூடேறினால் விலாங்கு விரைந்து வளரும், ஆகவே புவி வெப்பமடைவது விலாங்கைப் பொறுத்தவரை நன்மையே.’ படித்தவர்களே தயக்கமின்றி முன்வைக்கும் வாதம் இது. மொழியியல் பயின்றவருக்கு மீனில் என்ன வேலை என்று கேட்கலாம். பிழை வாக்கியத்தில் இருப்பதால் எழுதுகிறேன்.

‘போதிய உணவு கிடைக்குமாயின்’ என்னும் நிபந்தனை அவ்வாக்கியத்தில் விடுபட்டிருக்கிறது. தமிழ் இலக்கணம் தொகையை ஏற்கிறது. ‘பாற்குடம்’ என்றால் மறைந்து நிற்பதைக் கேட்பவர் தாமே விரித்துக்கொள்வார். இங்கோ விரிப்பார் எவருமில்லை. மறைந்தது மறைந்தே போகிறது.

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே பேண இயலாத உயிரி. நீர் சூடேறச் சூடேறச் செரிமானம் விரைவுபடும். உயிரைத் தாங்கும் செலவும் உடன் ஏறும். உண்டதில் அச்செலவு போக எஞ்சுவதே வளர்ச்சி. வயிறார உண்ணும் ஐரோப்பிய விலாங்கு 22–23 பாகை செல்சியஸ் அளவில் மிக நன்றாக வளர்கிறது. உணவு குறைந்தால் அந்த உச்சம் அங்கேயே நிற்பதில்லை. கனடாவில் பிரெட்டும் உடன் ஆய்வாளர்களும் இளம் சாக்கை சால்மன்களைக் கொண்டு 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தடையற்ற உணவில் 15 பாகையில் இருந்த உச்சம், நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 விழுக்காடு மட்டுமே உணவிட்டபோது ஏறத்தாழ 5 பாகைக்கு இறங்கியது. சால்மனின் எண்கள் விலாங்குக்கு அப்படியே பொருந்தா; வரவு செலவுக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. அரைவயிற்று மீனுக்கு வெதுவெதுப்பான நீர் கூடுதல் வரி.

உடனே ஜப்பானியப் பண்ணைகளைச் சுட்டுவர். 28 பாகையை ஒட்டிச் சூடேற்றிய குளங்களில் விலாங்கு ஓராண்டளவில் விற்பனை எடையை எட்டுவதும், ஆற்றில் அதற்குப் பல ஆண்டுகள் ஆவதும் உண்மை. ஆனால் அக்குளங்களில் மீன்மாவுத் தீவனம் தவறாமல் இடப்படுகிறது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கின் இயல்பு என்பார்கள். சூட்டைக் காட்டித் தீவனத்தை மறைப்பது எவருடைய இயல்பு?

இது சொற்பூசல் அன்று. ஐரோப்பிய விலாங்கு 2008 முதல் உலகச் செம்பட்டியலில் மிக அருகிய இனம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை இனம் பெருக்கி மடியும் உயிர் அது. பெண் விலாங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு முட்டைகள். ஆற்றில் குன்றும் வளர்ச்சி கடலில் குன்றும் முட்டைகளாக முடிகிறது. வெப்பமே வளர்த்துவிடும் என்று நம்புவோர், சதுப்பு நிலங்கள் வற்றுவதையும் புழு, நத்தை, சிறுமீன்கள் அருகுவதையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வெப்பமானியை நீரில் இறக்குவது எளிது. இரையை எண்ணுவது கடினம். எளிதாக அளக்க முடிந்ததை மட்டுமே காரணமாக்குவது அறிவியல் ஆகாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தனை பாகையில் இவ்வளவு வளர்ச்சி என்று எவரேனும் சொன்னால், எவ்வளவு உணவில் என்று கேளுங்கள். விடை வராவிட்டால் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.